தகட்டில் அடித்த என்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ஜின் பிளாக், அதாவது பிஸ்டன்கள் ஓடும் சிலிண்டர்கள் அடங்கிய உடல், என்றால் வார்ப்பு. மண்ணில் அச்சுப் பிடித்து, இரும்பை உருக்கி ஊற்றி, ஆறியபின் தட்டி எடுத்து, போரிங் போட்டு... இதைத் தவிர வேறு வழி இருக்கும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் 1946-இல் தொடங்கி ஏறத்தாழ மூன்று வருடம், அமெரிக்காவில் ஒரு கார் கம்பெனி தன் சிலிண்டர் பிளாக்கை பிரஸ்ஸில் அடித்த இரும்புத் தகட்டால் செய்து விற்றது. கம்பெனி கிராஸ்லி. என்ஜினின் பெயர் கோப்ரா. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள், மெக்கானிக்குகள், பாலிடெக்னிக் பையன்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கோப்ரா என்ற பெயர் எதற்கு? பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. காப்பர் பிரேஸ்ட் என்ற இரண்டு வார்த்தைகளின் தலையை வெட்டி ஒட்டியது. செம்பால் பிரேசிங் செய்தது, அதாவது செம்பை உருக்கி இடுக்கில் ஓடவிட்டு இரும்பை ஒட்டியது என்று பொருள். பின்னாளில் அதே பெயரில் வந்த புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

யாருக்கு இப்படி ஒரு யோசனை வந்தது?

வடிவமைத்தவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லாயிட் டெய்லர். அதை எடுத்துத் தயாரித்தவர் சின்சினாட்டிக்காரர் பவல் கிராஸ்லி ஜூனியர். இந்த இரண்டாவது ஆள் யார் என்று தெரிந்தால்தான் கதை புரியும். அவர் கார்க்காரர் அல்ல. ரேடியோவை மலிவாகச் செய்து வீடு வீடாகக் கொண்டுபோனவர், குளிர்பெட்டி விற்றவர், டபிள்யூ.எல்.டபிள்யூ. என்ற பெரிய வானொலி நிலையத்தின் சொந்தக்காரர், சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர். ரேடியோ பெட்டியும் குளிர்பெட்டியும் செய்கிறவனுக்கு உலகமே தகடுதான்: அடி, மடி, பற்றவை, பெயின்ட் அடி. ஒரு ஃபவுண்டரி முதலாளியிடம் டெய்லர் போயிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். கிராஸ்லியிடம் போனதால் என்ஜின் பிறந்தது. இது என் ஊகம்தான், ஆனால் பட்டறைகளில் இருபது வருடம் பார்த்த ஊகம். வார்ப்பவன் வார்ப்பாக யோசிப்பான், தகடு அடிப்பவன் தகடாக யோசிப்பான்.

1939-இலேயே கிராஸ்லி ஒரு குட்டிக் காரை விட்டிருந்தார். அதில் இருந்தது வாக்கேஷா கம்பெனியின் இரண்டு சிலிண்டர், காற்றில் குளிரும் என்ஜின். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் இண்டியானா மாநிலத்தின் மேரியன் ஊரிலிருந்து வந்த புதிய காரில் கோப்ரா ஏறியது. நான்கு சிலிண்டர், 724 சி.சி., சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 57 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மேலேயே (ஓவர்ஹெட் கேம்), பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்க ஐந்து மெயின் பேரிங். நிமிடத்துக்கு 5,400 சுற்றில் 26.5 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் நிறைய பெரிய கார்களே மூன்று பேரிங்கில் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால், இது கஞ்சத்தனமாகச் செய்த என்ஜின் இல்லை என்பது தெரியும்.

எடை எவ்வளவு?

துணைக்கருவிகள் எதுவும் மாட்டாமல் 59 பவுண்டு, அதாவது 27 கிலோ சொச்சம். ஒரு ஆள் இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். ஃபிளைவீல், டைனமோ எல்லாம் சேர்த்தால் 60 கிலோவுக்குச் சற்றே மேல். அந்தக் கார் மொத்தமே 500 கிலோ அளவில்தான் இருந்தது என்பதால், என்ஜினில் குறைத்த ஒவ்வொரு கிலோவும் அங்கே கணக்கில் வந்தது.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் வெடிப்பைத் தகடு எப்படித் தாங்கும்? கிழிந்துவிடாதா?

முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சிலிண்டர் சுவர் 16 கேஜ் தகடு, அதாவது 1.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் ஆரம் 31.75 மி.மீ. பெட்ரோல் எரியும் உச்சத்தில் உள்ளே 40 பார் அழுத்தம் என்று கொண்டால், அது சதுர மி.மீ.க்கு 4 நியூட்டன். குழாயைச் சுற்றி இழுக்கும் விசைக்கு அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுக்க வேண்டும்: 4 × 31.75 ÷ 1.6. விடை சதுர மி.மீ.க்கு 80 நியூட்டனுக்குப் பக்கத்தில். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு நிரந்தரமாக நீள ஆரம்பிப்பது 250-ஐச் சுற்றி. உலையில் போட்டு எடுத்தபின் தகடு இளகிப்போயிருக்கும் என்று தாராளமாகக் குறைத்துக்கொண்டாலும், இருமடங்கு இடைவெளி மிச்சம் இருக்கிறது.

அதனால் கிழியாது. கிழியவும் இல்லை. கோப்ரா என்ஜினின் கதையில் வெடிப்பு வில்லன் அல்ல.

அப்படியானால் வார்ப்பு பிளாக் ஏன் இத்தனை கனம்?

பலத்துக்காக இல்லை, பாதி ஊற்றும் வேலைக்காக. உருகிய இரும்பு அச்சுக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடி முடிப்பதற்குள் உறைந்துவிடக் கூடாது. அதற்கே குறைந்தது நாலைந்து மி.மீ. வழி வேண்டும். போதாக்குறைக்குத் தண்ணீர் போகும் இடத்துக்காக உள்ளே வைத்த கோர் என்ற மண் கட்டி இம்மி நகர்ந்தாலும் ஒரு பக்கம் 6 மி.மீ., மறுபக்கம் 3 மி.மீ. என்று வந்து நிற்கும். நம் ஊர் ஃபவுண்டரி ஆட்களைக் கேளுங்கள், ‘கோர் ஷிஃப்ட்’ என்றதும் முகம் மாறும். அந்தப் பயத்துக்காக வடிவமைப்பவர் இன்னும் ஒரு மில்லி கூட்டி வைப்பார். இப்படித்தான் வார்ப்பு பிளாக் கொழுக்கிறது. தகட்டில் இந்தத் தொல்லை கிடையாது. 1.6 என்றால் எல்லா இடத்திலும் 1.6.

இன்னொன்று, சுவர் மெல்லியதாக இருந்தால் சூடு சீக்கிரம் தண்ணீருக்குப் போகும். ஒரு இடம் தடித்து, ஒரு இடம் மெலிந்து இல்லாததால் சூட்டுப்புள்ளிகளும் குறைவு.

இத்தனை தகட்டுத் துண்டுகளை எப்படி ஒட்டினார்கள்?

இங்கேதான் நிஜமான சாமர்த்தியம். சிலிண்டர் குழாய், எரியறையின் கவிந்த மேல்பகுதி, வால்வு வழிகள், சுற்றித் தண்ணீர் நிற்கும் ஜாக்கெட் என்று பல டஜன் துண்டுகளை பிரஸ்ஸில் அடித்து, ஒன்றுக்குள் ஒன்றை இறுக்கமாகச் செருகிக் கூட்டுவார்கள். சேரும் இடங்களில் எல்லாம் செம்பு வைக்கப்படும். பிறகு மொத்தக் கூட்டும் உலைக்குள் போகும். செம்பு உருகுவது 1,085 டிகிரி செல்சியஸில். உலையை அதற்கு மேல், 1,120-க்குச் சற்று அதிகமாக வைத்தால் செம்பு தண்ணீராகி, இடுக்கு எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் தானாக இழுபட்டு ஓடிவிடும். இரும்பு அப்படியே நிற்கும். அது உருக இன்னும் 400 டிகிரி இருக்கிறது.

உலைக்குள் காற்று இருக்கக் கூடாது. இருந்தால் இரும்பு கறுத்துச் செதில் பிடிக்கும், செம்பு ஒட்டாது. ஹைட்ரஜன் கலந்த வாயு வேண்டும். அது துருவையே தின்றுவிடும் என்பதால் பொரிகாரமோ ஃபிளக்ஸோ எதுவும் தேவையில்லை. ஒரே சூட்டில் எல்லா இணைப்பும் முடிந்துவிடும். வெல்டர் ஒருவர் குனிந்து குனிந்து மீட்டர் கணக்கில் தையல் போட வேண்டிய வேலை, உலைக்குள் போய் வெளியே வரும் நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

படித்துவிட்டு நம்பிக்கை வராமல் நானே ஒருமுறை செய்து பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் பட்டைகளைக் காற்றுப் படாமல் சூடாக்கி இளக்கும் (பிரைட் அனீலிங்) உலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். 3 மி.மீ. எம்.எஸ். தகட்டில் துளை போட்டு, ஒரு புஷ்ஷைக் கடைந்து, சுத்தியலால் தட்டினால்தான் இறங்கும் அளவுக்கு டைட்டாக ஏற்றினேன். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பியை உரித்து ஒரு வளையம் சுற்றி, மேல்பக்கம் புஷ்ஷின் கழுத்தில் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் வாங்கும்போது வளையத்தைக் காணவில்லை. யாரோ எடுத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம், புஷ்ஷைச் சுற்றி, மருதாணிக் கோடு மாதிரி ஒரு சிவப்பு ஓரம். நான் கை வைக்கவே முடியாத இடுக்கு வழியாக மூன்று மில்லியும் இறங்கி மறுபக்கம் வந்து நின்றிருக்கிறது. ஹேக்ஸாவில் குறுக்கே அறுத்து ராவிப் பார்த்தபோது, நடுவில் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கோடு. மிச்சத் துண்டை வைஸில் பிடித்து அடித்தேன். தகடு வளைந்தது, இணைப்பு விடவில்லை.

செம்பு மெத்தென்ற உலோகம், அது எப்படி இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டால், மெல்லியதாக இருப்பதால்தான். இரண்டு பக்கமும் இரும்பு நெருக்கிப் பிடித்திருக்க, நடுவில் உள்ள படலத்துக்கு நீளவோ நெளியவோ இடமில்லை. இடைவெளி கூடக்கூடப் பிடிப்பு குறையும். அதனால் பிரஸ்ஸில் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, அதாவது டை, தேய்ந்து துண்டுகள் கொஞ்சம் லூசாக வந்தாலே இணைப்பின் தரம் போய்விடும். தகட்டு என்ஜினின் உயிர் டை ரூமில் இருக்கிறது என்று இதைத்தான் சொல்வேன்.

முழு என்ஜினும் தகடுதானா?

இல்லை. இந்தத் தப்பு நிறையப் பேர் செய்கிறார்கள். சிலிண்டர்களும் ஹெட்டும் சேர்ந்த மேல்பகுதிதான் தகடு. கிராங்க் உட்காரும் கீழ்ப்பகுதி அலுமினிய வார்ப்பு. பேரிங் இருக்கைகளுக்குக் கெட்டியான பொருள் வேண்டும், நேர்கோட்டில் துளை கடைய வேண்டும். அங்கே தகடு வைத்து மல்லுக்கட்டுவதில் லாபம் இல்லை என்று டெய்லருக்குத் தெரிந்திருந்தது.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட் எங்கே?

கிடையாது. ஹெட்டும் பிளாக்கும் ஒரே உருப்படி. கேஸ்கட் போவது, ஹெட் போல்ட் நீள்வது என்ற தொல்லைகளே இல்லை. அதற்கு விலையும் உண்டு. வால்வு கிரைண்டிங் செய்ய ஹெட்டை மட்டும் கழற்ற முடியாது. பிளாக்கையே மேலே தூக்கி, வால்வுகளைச் சிலிண்டர் வழியாகக் கீழ்ப்பக்கம் எடுக்க வேண்டும். பழகிய கைக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கு இது புதுசு, புதுசு என்றாலே எரிச்சல்.

போர்க்காலத்தில் நன்றாக ஓடியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அமெரிக்க ராணுவத்துக்கு இந்த என்ஜின்கள் ஜெனரேட்டர் சுழற்றவும் குளிர்பதன கம்ப்ரசர் ஓட்டவும் போயின. எடை குறைவு என்பதால் விமானத்திலும் படகிலும் ஏற்ற வசதி. கெட்ட பெயர் எதுவும் வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் கிராஸ்லி அதைக் காருக்குள் வைத்தார். மூனி கம்பெனிகூடத் தன் எம்-18 மைட் என்ற ஒற்றை ஆள் விமானத்தின் முதல் சிலவற்றில் கிராஸ்லி என்ஜினைத்தான் மாட்டியது. பிறகு 65 குதிரைத்திறன் லைகாமிங்குக்கு மாறிவிட்டது.

பிறகு காரில் மட்டும் ஏன் கெட்டது?

தண்ணீர்.

இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரண்டும் உப்போடிய தண்ணீருக்குள் நின்றால் அது ஒரு பேட்டரி. பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி மின்சாரம் எடுத்த அதே சமாச்சாரம். அந்த விளையாட்டில் கரைவது ஆணியைப் போன்ற பலவீனமான உலோகம். கோப்ராவில் கரைந்தது இரும்பு, அதுவும் செம்புத் தையலை ஒட்டிய இடங்களில். ஜாக்கெட்டின் தண்ணீர்ப் பக்கத்தில் துரு குழிவிழுந்து, கடைசியில் ஊசித் துளையாகி, தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ வெளியிலோ வர ஆரம்பித்தது.

ராணுவத்தில் அதே என்ஜினுக்கு இது ஏன் நடக்கவில்லை? அங்கே தண்ணீரைக் கவனிக்க ஆள் இருந்தான். இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய் என்று கார்டில் எழுதியிருக்கும், செய்யாவிட்டால் மேலதிகாரி கேட்பார். கார் வாங்கிய குடும்பஸ்தனை யார் கேட்பது? ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கையில் கிடைத்ததை ஊற்றுவான். உலகம் முழுக்க எல்லோரும் செய்வதுதான். மலிவான கார் வாங்குகிறவன் அதை மலிவாகத்தான் பராமரிப்பான் என்பதை அந்த என்ஜின் கணக்கில் எடுக்கவில்லை.

இதை நேரில் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். எந்த டிராக்டர் பிளாக்கின் பக்கவாட்டிலும் நாலைந்து வட்டக் கிண்ணங்கள் அடித்திருக்கும். நம் பக்கம் டம்மி பிளக் என்போம். வார்க்கும்போது உள்ளே இருந்த மண்ணை வெளியே எடுக்க விட்ட ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடி, ஒன்றரை மி.மீ. கனம் இருந்தால் அதிகம். சில வருடம் முன்னால் என்னிடம் வந்த ஒரு டிராக்டருக்கு ஆயுசு முழுக்க போர்வெல் தண்ணீர்தான். வெளியே ஒரு டம்மி லேசாக வியர்த்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து விரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது, துருக் குழம்பு முழங்கை வரை வழிந்தது. பக்கத்திலேயே, அதே தண்ணீரில், அதே வருடங்கள் நின்ற வார்ப்புச் சுவரைச் சுரண்டிப் பார்த்தால் மேலே ஒரு பொருக்கு, அடியில் கெட்டி இரும்பு. தண்ணீர் இரண்டையும்தான் தின்றது. ஒன்றுக்குத் தின்னக் கொடுக்க ஐந்து மில்லி இருந்தது, மற்றதற்கு ஒன்றரை. அந்த டிராக்டருக்கு இருநூறு, முந்நூறு ரூபாயில் புது டம்மி அடித்து அனுப்பிவிட்டேன். கோப்ராவில் முழு பிளாக்கும் டம்மி பிளக் என்று நினைத்துக்கொள்ளுங்கள், போதாததற்குப் பக்கத்திலேயே செம்பு.

வார்ப்பின் அந்த வேண்டாத கொழுப்பு என்று மேலே கிண்டலாகச் சொன்னேன் அல்லவா. அது சும்மா கிடக்கும் கொழுப்பு இல்லை, துருவுக்குப் போட்டுவைத்த வைப்புநிதி.

தண்ணீர் மட்டும்தான் குற்றவாளியா?

முக்கியமான குற்றவாளி அதுதான். கூட இரண்டு பேர் இருந்தார்கள். 1,100 டிகிரியைத் தாண்டிப் போய் ஆறிவந்த தகடு மென்மையாகிவிடும், தன் பழைய வடிவத்தைக் கொஞ்சம் மறந்தும் வரும். மெல்லிய சிலிண்டர் வட்டமாகவே நிற்க வேண்டும். துளி நெளிந்தாலும் ரிங் சரியாக உட்காராது, ஆயில் எரியும். இன்னொன்று ரிப்பேர். வார்ப்பு பிளாக் தேய்ந்தால் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டலாம், மறுபடி தேய்ந்தால் உள்ளே புதுக் குழாய் (ஸ்லீவ்) இறக்கலாம். மெல்லிய குழாயில் கடைவதற்கு எவ்வளவு இருக்கிறது? ஊசித் துளை விழுந்த இடமோ ஜாக்கெட்டுக்குள்ளே, டார்ச் போகாத இடத்தில். போனால் போனதுதான்.

1949-இல் கிராஸ்லி விட்டுவிட்டார். வந்த மாற்று என்ஜினுக்கு சிபா என்று பெயர், வார்ப்பிரும்பு பிளாக் என்பதன் சுருக்கம். முந்தைய வருடம் 1948-இல்தான் கம்பெனி தன் உச்சமான சுமார் 25,000 கார்களை விற்றிருந்தது. அதன்பின் இறங்குமுகம், 1952-இல் கார் தயாரிப்பே நின்றது. கோப்ராவால்தான் கம்பெனி படுத்தது என்று சிலர் சொல்வார்கள், அது மிகை. பெரிய கம்பெனிகள் போருக்குப் பிந்திய புது மாடல்களோடு சந்தைக்கு வந்துவிட்டபின் குட்டிக் கார் வாங்க அமெரிக்காவில் ஆள் இல்லை. ஆனால் கோப்ரா அவருக்கு நல்ல பெயரைச் சம்பாதித்துத் தரவில்லை என்பதும் நிஜம். 1949-இல் அவர் கொண்டுவந்த டிஸ்க் பிரேக்குக்கும் அதே விதிதான்: பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதைப் பிடித்துக்கொண்டது. உப்புத் தண்ணீரோடு அவருக்கு ஏதோ ஜாதகப் பொருத்தம் சரியில்லை.

இன்றைய கூலண்ட் அன்று இருந்திருந்தால் பிழைத்திருக்குமா?

ஓரளவு. இன்றைய கூலண்டில் துருத்தடுப்பு மருந்துகள் இருக்கின்றன, செம்பு, இரும்பு, அலுமினியம் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் வைத்துச் சமாளிக்கின்றன. ஆனால் வழியில் கூலண்ட் குறைந்தால் நீங்களும் நானும் எதை ஊற்றுகிறோம்? வாட்டர் பாட்டில்தானே.

கிராஸ்லிக்கு முன்னால் யாரும் தகட்டை முயலவில்லையா?

முயன்றார்கள், ஆனால் அளவோடு. 1914 ஜூலையில் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த மெர்சிடிஸ் கார்களின் சிலிண்டர்கள் தனித்தனி எஃகு உருளைகள். அவற்றைச் சுற்றி மெல்லிய தகட்டில் ஜாக்கெட் அமைத்து வெல்டு செய்திருந்தார்கள். போர் வெடித்தபோது அந்தக் கார்களில் ஒன்று லண்டனில் மாட்டிக்கொண்டது. ரோல்ஸ் ராய்ஸ் அதைப் பிரித்துப் பார்த்தது. அவர்களுடைய ஈகிள் விமான என்ஜினின் சிலிண்டர் கட்டுமானத்தில் அந்தச் சாயல் அப்படியே தெரியும்.

1917-இல் அமெரிக்கா அவசர அவசரமாக வடிவமைத்த லிபர்ட்டி விமான என்ஜினிலும் இதே முறைதான். பன்னிரண்டு தனிச் சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் அச்சில் அடித்த தகட்டு ஜாக்கெட். சிலிண்டர்களைச் செய்து முடிப்பதுதான் திண்டாட்டமாக இருந்தது. ஃபோர்டு ஆட்கள் எஃகுக் குழாயை வெட்டி, சூடாக்கி, பிரஸ்ஸில் அடித்து வடிவம் கொண்டுவரும் வழியைக் கண்டுபிடித்தபின் சிலிண்டர் உற்பத்தி நாளுக்கு 151-லிருந்து 2,000-க்கு எகிறியது. விமான என்ஜினை பிரஸ் ஷாப்பில் செய்யலாம் என்று கிராஸ்லிக்கு முப்பது வருடம் முன்பே காட்டிவிட்டார்கள்.

இந்த இரண்டிலும் வெடிப்பைத் தாங்குவது கெட்டியான எஃகு உருளை. தகடு வெறும் தண்ணீர்த் தொட்டி. துருப்பிடித்தால் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் மாற்றலாம். டெய்லர் ஒரு படி தாண்டி, தொட்டியையும் உருளையையும் ஹெட்டையும் தகட்டிலேயே ஒன்றாக்கினார்.

பெரிய டீசல் என்ஜின்களையும் தகட்டில் வெல்டு செய்கிறார்களாமே?

ஆமாம், நீங்கள் அதன் பின்னால் ரயிலில் உட்கார்ந்து போயும் இருப்பீர்கள். பனாரஸ் ரயில் என்ஜின் தொழிற்சாலையில் 1964 முதல் வெளிவந்த டபிள்யூ.டி.எம்.-2 டீசலுக்குள் இருந்தது அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைத்த 251 என்ஜின், பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். அதன் பிளாக் வார்ப்பு அல்ல, எஃகுத் தகடுகளை வெட்டி வெல்டு செய்தது. பிரஸ்ஸில் அடிக்கிற மெல்லிய தகடு என்று நினைத்துவிடாதீர்கள், இது கனத்த பிளேட். நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் டீசல் என்ஜின்களைப் பிரித்துச் செப்பனிட்டுக் கட்டிய தொழிலாளர்களுக்கு இந்த பிளாக் கைரேகை மாதிரிப் பழக்கம்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் இ.எம்.டி. பிரிவு 1938-இல் கொண்டுவந்த 567 டீசலும் இதே ஜாதி, வெல்டு செய்த கிராங்க் கேஸ் (கிராங்க் உட்காரும் கூடு). அதன் கதையில் ஒரு சுவையான திருப்பம். ஆரம்ப மாடல்களில் குளிர்நீர் கிராங்க் கேஸின் உள்ளறைகள் வழியாகவே ஓடியது. கசிவு, அரிப்பு, ஓயாத தலைவலி. பிறகு வந்த 567-சி மாடலில் ஒவ்வொரு லைனருக்கும் (சிலிண்டரின் உள்குழாய்) தனி ஜாக்கெட் கொடுத்து, குழாய் வைத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து, வெல்டு செய்த சட்டத்தைத் தண்ணீர் தொடாதபடி செய்துவிட்டார்கள். தலைவலி தீர்ந்தது. பனாரஸில் பின்னாளில் உரிமம் பெற்றுச் செய்த 710 என்ஜின் அந்த வம்சத்தில் வந்ததுதான். கோப்ராவுக்கு யாராவது இந்த வைத்தியத்தைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்று நம் வண்டியில் தகடு எங்கே இருக்கிறது?

எண்ணெய்ப் பக்கம். என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப், பல வண்டிகளில் மேலே வால்வுகளை மூடும் டேப்பட் கவர், சிலவற்றில் டைமிங் கவர். எண்ணெய் தகட்டைத் தின்னாது, காப்பாற்றும். இப்போதைய ஹெட் கேஸ்கட்களே பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்தவை. தகட்டு சம்ப்பின் பெரிய குறை சத்தம், பறை மாதிரி அதிரும். அதற்காக இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய ஷீட்டில் சம்ப் அடிக்கிறார்கள். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், ‘டங்’ என்று கேட்காது, ‘டொக்’ என்று அடங்கும்.

பிளாக் மட்டும் தகட்டுக்குத் திரும்பவில்லை. எடை குறைக்க வேண்டும் என்றால் உருகிய அலுமினியத்தை உலோக அச்சில் அழுத்தி வார்க்கும் டை காஸ்டிங் இருக்கிறது.

என் பட்டறையில் ஒரு சின்ன என்ஜினுக்குத் தகட்டில் கேசிங் செய்து பார்க்கலாமா?

பாருங்கள். பாலிடெக்னிக் பையன்கள் கேட்டால் நான் சொல்வது இது. முதல் முயற்சியில் காற்றில் குளிரும் என்ஜினாக எடுங்கள், தண்ணீர் வேண்டாம். ஏன் என்று இவ்வளவு படித்தபின் சொல்லத் தேவையில்லை. கிராங்க் கேஸுக்கு 4 அல்லது 5 மி.மீ. தகடு போதும், ஆனால் பேரிங் உட்காரும் இடத்தில் கெட்டியான ரவுண்டு ராடில் கடைந்த ஹவுசிங்கை வைத்து வெல்டு செய்யுங்கள். சிலிண்டரை வார்ப்பாகவே வாங்கி, போல்ட் போட்டு மேலே உட்காரவையுங்கள். பழைய மொபெட் சிலிண்டர் கிடைத்தால் அதுவே போதும்.

வெல்டு செய்யும்போது ஒரே பக்கம் ஓட்டிக்கொண்டே போகாமல் எதிரெதிரே துண்டு துண்டாகப் போடுங்கள். அவசரத்தில் முதலிலேயே பேரிங் துளையைக் கடைந்துவிட்டு அப்புறம் வெல்டு செய்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் செய்திருக்கிறேன். 52 மி.மீ. துளை வெல்டுக்குப் பின் முட்டை வடிவமாகிப் பேரிங் ஏறவே இல்லை, இரண்டு நாள் வேலை குப்பையில். முதலில் வெல்டு, அடுத்து 600-லிருந்து 650 டிகிரி வரை சூடேற்றி மெதுவாக ஆறவிடுங்கள், தகட்டுக்குள் இருக்கும் இழுப்பு அடங்கட்டும். லேத்தோ போரிங் மெஷினோ கடைசியில்தான். மூடிகளை மாட்டி, உள்ளே ஒரு பார் காற்று கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தை. டூ ஸ்ட்ரோக் என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கிராங்க் கேஸ் கசிந்தால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் கணக்கே கெட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகாது, நீங்கள் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முகத்தை மூடும் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது என்ஜினுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

கோப்ராவுக்குப் பின் அந்த என்ஜின் என்ன ஆனது?

வார்ப்பிரும்பாக மாறியபின் நிம்மதியாக வாழ்ந்தது. 1950 டிசம்பர் 31-ஆம் தேதி அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த முதல் கார் பந்தயத்தில், ஆறு மணி நேரம் ஓடி, என்ஜின் அளவுக்கேற்ற மதிப்பெண் கணக்கில் முதலிடம் பிடித்தது ஹாட்ஷாட் என்ற கிராஸ்லி ஸ்போர்ட்ஸ் கார். இத்தாலியில் பண்டினி கம்பெனியின் 750 சி.சி. பந்தயக் கார்களுக்கு அடிப்படையானதும் இதே வடிவமைப்பு. கம்பெனி மூடிய பிறகும் என்ஜின் கை மாறி மாறி, படகின் பின்னால் மாட்டும் மோட்டாராக ரொம்ப காலம் ஓடியது.

புது வார்ப்பு பிளாக் பழைய அலுமினியக் கீழ்ப்பகுதியின் மேலேயே உட்காரும். அதனால் ஊசித் துளை விழுந்த கோப்ராவை வைத்திருந்தவர்களுக்குக் காரை விற்க வேண்டிய அவசியம் வரவில்லை. மேல்பகுதியைக் கழற்றிவிட்டு வார்ப்பை மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். கழற்றிய தகட்டு பிளாக்கை யார் வைத்துக்கொள்வார்கள்? எடைக்குப் போட்டால்கூட ஒன்றும் தேறாது. 1948-ஆம் வருடக் கார் ஒன்று இன்று கண்ணில் பட்டால், பானெட்டைத் திறந்து பிளாக்கைப் பாருங்கள். பெரும்பாலும் சொரசொரப்பான வார்ப்புத் தோல்தான் இருக்கும். மழமழவென்று, ஓரங்களில் சிவப்புக் கோடு தெரிந்தால் ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.